எந்த மாற்றத்தில் உடைந்தது?

2002 மே மாதம் ஓப்பன்ஆபீஸ்.ஆர்க் என்ற அலுவலக மென்பொருள் தொகுப்பின் 1.0 பதிப்பு வெளிவந்தது. அதைச் சோதித்துப் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டவருக்கு முதல் தடையே தொலைபேசி இணைப்புதான். நிறுவும் கோப்பு ஏறக்குறைய 50 எம்பி. டயல்-அப் மோடத்தில் நொடிக்கு நாலைந்து கிலோபைட் இறங்கும். கணக்குப் போட்டால் மூன்று மணி நேரம். நடுவில் வீட்டில் யாராவது ரிசீவரை எடுத்தால் மறுபடி முதலிலிருந்து. நம் ஊரில் பலர் கணினிப் பத்திரிகைகளோடு வந்த சிடியிலிருந்துதான் அதை நிறுவினார்கள். சிடி கைக்கு வருவதற்குள் அந்தப் பதிப்பு பழசாகிவிடும். அதில் கண்ட பிழையைச் சொன்னால், “புதிய பதிப்பில் பார்த்தீர்களா?” என்ற கேள்விதான் பதிலாகக் கிடைக்கும்.

இன்று அதே மென்பொருளின் வாரிசான லிப்ரேஆபீஸில் நேற்று இரவு கட்டப்பட்ட பில்டை ஒருவர் சில நிமிடங்களில் இறக்கிக்கொள்கிறார். ஏற்கெனவே கணினியில் இருக்கும் லிப்ரேஆபீஸைத் தொடாமல், பக்கத்திலேயே நிறுவிக்கொள்கிறார். வேகமும் வசதியும் கூடியிருப்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு, அதைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்: அன்று சோதிப்பவர் குறை சொல்பவராக இருந்தார், இன்று ஆதாரம் கொண்டுவருபவராக இருக்கிறார். ஒரு வரி நிரல்கூட எழுதத் தெரியாதவருக்கும் இது பொருந்தும்.

இந்த மென்பொருளின் வேர் ஜெர்மனியில் இருக்கிறது. 1985-இல் லூனபர்க் நகரில் மார்கோ போரிஸ் என்ற பதின்வயது இளைஞர் தொடங்கிய ஸ்டார்டிவிஷன் நிறுவனத்தை 1999-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. மறு ஆண்டு அக்டோபரில் அதன் ஸ்டார்ஆபீஸ் மூலநிரல் பொதுவில் வைக்கப்பட்டது. நிரல் வெளியே வந்துவிட்டாலும் சோதனை பெரும்பாலும் சன்னின் ஹாம்பர்க் அலுவலகத்துக்குள்ளேயே நடந்தது. சம்பளத்துக்கு வேலை பார்த்த குழு ஒன்று, பேசிக்கை ஒத்த மொழியில் எழுதிய ஸ்கிரிப்டுகளை டெஸ்ட்டூல் என்ற கருவியில் ஓட்டிப் பார்த்தது. புதிய வசதி ஒவ்வொன்றும் ‘சைல்டு வொர்க்ஸ்பேஸ்’ என்ற தனிக் கிளையில் வளரும். சோதனைப் பொறுப்பாளர் ஒருவர் சரி என்று சொன்ன பிறகே தாய்க் கிளையில் சேரும். ஒழுங்கான ஏற்பாடுதான். ஆனால் வெளியிலிருந்து வரும் தன்னார்வலர் நுழைய அதில் இடம் குறைவு. தம் மொழிப் பதிப்பு வெளியாகும் முன் அதைப் பார்த்துக் கொடுப்பதும், பிழைப் பதிவேட்டில் எழுதிவிட்டுக் காத்திருப்பதும்தான் அவருக்கு மிஞ்சின.

அந்தக் காத்திருப்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். 1.1 பதிப்பு 2003 செப்டம்பரில் வந்தது, 2.0 பதிப்பு 2005 அக்டோபரில். ஒருவருடைய அலுவலகக் கடிதத்தில் இருக்கும் அட்டவணை 1.1-இல் நேராக நின்றது, 2.0-இல் பக்கத்தை விட்டு வெளியே ஓடுகிறது. அவரால் சொல்ல முடிந்ததெல்லாம் இவ்வளவுதான்: “முன்பு சரியாக இருந்தது, இப்போது இல்லை.” அந்த ‘முன்பு’க்கும் ‘இப்போது’க்கும் நடுவே இரண்டு ஆண்டுகள். அந்த இரண்டு ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான மாற்றங்கள். எந்த மாற்றம் அட்டவணையைத் தள்ளியது என்று கண்டுபிடிக்கும் வேலை முழுக்க நிரலாளர் தலையில் விழும். அவருக்கோ வேறு நூறு வேலை. எனவே பதிவு கிடக்கும். பிழையைச் சொன்னவர் ஆறு மாதம் கழித்து “யாராவது பார்த்தீர்களா?” என்று கேட்பார். அந்தக் கேள்வியில் கோபம் கொஞ்சம் எட்டிப்பார்க்கும். யாரும் அங்கே சோம்பேறி இல்லை. கையில் இருந்த தகவல் ஒரு முடிவுக்கு வரப் போதவில்லை, அவ்வளவுதான்.

தமிழில் எழுதியவர்களுக்கு இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. 2005-இல் மத்திய அரசு இலவசமாக வழங்கிய தமிழ் மென்பொருள் குறுந்தகட்டில் பாரதீய ஓப்பன்ஆபீஸ் இருந்தது. தமிழ் இடைமுகத்தோடு ஒரு எழுத்துச் செயலி பலர் மேசைக்கு வந்தது அப்போதுதான். ஆனால் ஒற்றைக்கொம்பை மெய்க்கு இடப்பக்கம் கொண்டுவந்து நிறுத்துவது போன்ற எழுத்துருவாக்க வேலையை மென்பொருள் தானே செய்யவில்லை. விண்டோஸில் யூனிஸ்கிரைப் செய்தது, லினக்ஸில் ஐசியு செய்தது, மேக்கில் ஆப்பிளின் சொந்த ஏற்பாடு. ஒரே கோப்பு மூன்று கணினிகளில் மூன்று விதமாகத் தெரிய வாய்ப்பு இருந்தது. கொம்பு இடம் மாறித் தெரிகிறது என்று சென்னையில் ஒருவர் விண்டோஸில் பார்த்துச் சொன்னால், ஹாம்பர்க்கில் தமிழ் படிக்கத் தெரியாத ஒருவர் லினக்ஸில் திறந்துபார்ப்பார். அவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தோன்றும்.

2010-இல் காட்சி மாறியது. சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கிய சில மாதங்களில், செப்டம்பர் 28 அன்று, சமூகத்தின் பெரும்பகுதி பிரிந்து லிப்ரேஆபீஸை அறிவித்தது. புதிய நிரலாளர்கள் திரளாக வந்தார்கள். ஆண்டுக்கணக்கில் யாரும் பயன்படுத்தாத நிரல் பகுதிகளை வெட்டி எறிந்தார்கள். ஸ்டார்டிவிஷன் காலத்து ஜெர்மன் குறிப்புகளை ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பு என்று கால அட்டவணையும் போட்டுக்கொண்டார்கள். உற்சாகமான நாட்கள். கூடவே அபாயமும் இருந்தது. இவ்வளவு வேகமாக இவ்வளவு பேர் கைவைத்தால் முன்பு வேலை செய்தது உடையத்தான் செய்யும். அதைப் பிடிக்க ஹாம்பர்க் குழுவைப் போல சம்பளக் குழு ஒன்று அப்போது இல்லை. தன்னார்வலர்களை நம்பியே ஆகவேண்டிய நிலை. அதற்கு அவர்கள் கையில் ஒரு நல்ல கருவியைக் கொடுத்தாக வேண்டும்.

2011 இறுதியில் அந்தக் கருவி வந்தது. அப்போது கனானிக்கல் நிறுவனத்தில் இருந்த பியோர்ன் மிக்கேல்சன் கொண்டுவந்த அதன் பெயர் பிபிசெக்ட். லிப்ரேஆபீஸை மூலநிரலிலிருந்து கட்டுவதற்குச் சாதாரணக் கணினியில் மணிக்கணக்கில் ஆகும். அதனால் அவர் பல நிலைகளில் முன்கூட்டியே கட்டி, கட்டி முடித்த மென்பொருளையே ஒன்றன்பின் ஒன்றாக, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியின் களஞ்சியம் ஒன்றில் அடுக்கினார். அடுத்தடுத்த பில்டுகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். மாறிய பகுதியை மட்டும் சுருக்கி வைப்பது கிட்டின் இயல்பு என்பதால் களஞ்சியம் கட்டுக்குள் நின்றது. பின்னால் தனி இயந்திரங்கள் இந்த வேலையை எடுத்துக்கொண்டு மூலநிரலில் நடக்கும் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பில்டு என்ற அளவுக்கு வந்துவிட்டன.

இதை வைத்து என்ன செய்யலாம் என்பதை மேலே சொன்ன அட்டவணையை வைத்தே பார்ப்போம். ஒரு பதிப்பு வளரும் காலத்துக்கான களஞ்சியத்தை இறக்கிக்கொள்கிறீர்கள். பல ஜிகாபைட் இருக்கும். ஒரு இரவு ஓடவிட வேண்டும். அதிலுள்ள மிகப் பழைய பில்டைத் திறந்து கோப்பைப் போடுகிறீர்கள்: அட்டவணை நேராக இருக்கிறது. கடைசி பில்டில் போடுகிறீர்கள்: ஓடுகிறது. ஆக, உடைப்பு இந்த இரண்டுக்கும் நடுவே. கிட் பைசெக்ட் கட்டளையைத் தொடங்கினால் அது உங்களைச் சரியாக நடுவில் உள்ள பில்டுக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறது. லிப்ரேஆபீஸைத் திறந்து, கோப்பைப் பார்த்து, மூடி, ‘குட்’ அல்லது ‘பேட்’ என்று ஒரு சொல்லைத் தட்டச்ச வேண்டும். மறுபடி மிச்சத்தின் நடுவுக்குப் போகும். அடைத்துக்கொண்ட நீளமான தண்ணீர்க் குழாயை பிளம்பர் நடு இணைப்பில் கழற்றிப் பார்த்து, அடைப்பு இந்தப் பாதியிலா அந்தப் பாதியிலா என்று பிரிப்பது போலத்தான். இடையில் 10,000 மாற்றங்கள் இருந்தாலும் அதிகபட்சம் 14 முறை திறந்து மூடினால் போதும். முடிவில் திரையில் ஒரே ஒரு மாற்றம் நிற்கும்: யார் செய்தது, எந்தத் தேதியில், என்ன நோக்கத்துக்காக என்று மூன்றும் அதில் இருக்கும்.

இதில் நிரல் படிக்கும் வேலை எங்கேயும் வரவில்லை. அட்டவணை நேராக இருக்கிறதா, ஓடுகிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்லத் தெரிந்தால் போதும். பள்ளி ஆசிரியரும் செய்யலாம், கணக்கெழுதுபவரும் செய்யலாம். கிடைத்த முடிவைப் பிழைப் பதிவில் எழுதி, அந்த மாற்றத்தைச் செய்தவரையும் அதில் சேர்த்துவிடுவது வழக்கம். மாற்றம் நடந்து இரண்டு வாரம்தான் ஆகியிருக்கிறது என்றால் அவர் மனதில் அந்த நிரல் இன்னும் புதிதாக இருக்கும். சில சமயம் அன்றே திருத்தமும் வந்துவிடும். இரண்டு ஆண்டு கழித்துக் கேட்டால் அவரே தம் நிரலை அந்நியர் எழுதியது போலத்தான் படிக்க வேண்டியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. பிபிசெக்ட் காட்டும் மாற்றம்தான் குற்றவாளி என்று எழுதிவிடக் கூடாது. பல நேரம் அந்த மாற்றம் சரியானதாகவே இருக்கும். எங்கோ பத்து ஆண்டுகளாக ஒளிந்திருந்த வேறொரு பிழையை அது வெளியே கொண்டுவந்திருக்கும், அவ்வளவே. “இந்த மாற்றத்துக்குப் பிறகு இப்படி ஆகிறது” என்று எழுதினால் போதும். நல்ல சோதனையாளர்கள் இந்த நாகரிகத்தைக் கவனமாகக் கடைப்பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். நிரலாளர்கள் அவர்கள் சொல்லுக்கு மதிப்புக் கொடுப்பதற்கும் இதுவே காரணம் என்று நம்புகிறேன்.

இயந்திரங்களும் இதற்குள் நிறைய வேலையை எடுத்துக்கொண்டன. இன்று ஒருவர் திருத்தம் அனுப்பினால் அது கெரிட் என்ற மறுஆய்வுத் தளத்தில் போய் நிற்கும். லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஜென்கின்ஸ் என்ற தானியங்கிக் கருவி அதைக் கட்டிப் பார்த்து, சோதனைகளை ஓட்டிய பிறகே உள்ளே சேரும். பிழைப் பதிவுகளிலிருந்து திரட்டிய லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்களைத் திறந்து, சேமித்து, எங்கே செயலிழக்கிறது என்று பார்க்கும் ஓட்டம் தனியாக நடக்கிறது. தாறுமாறான உள்ளீட்டை ஊட்டிப் பார்க்கும் கூகுளின் ஓஎஸ்எஸ்-ஃபஸ் சேவையிலும் லிப்ரேஆபீஸ் இருக்கிறது. மெனுவைத் திறப்பது, பொத்தானை அழுத்துவது போன்றவற்றைக்கூடப் பைத்தானில் எழுதி ஓட்டுகிறார்கள்.

அப்படியானால் மனிதர் எதற்கு? பிழை திருத்தப்படும்போது அதே பிழை திரும்பி வராமல் இருக்க ஒரு தானியங்கிச் சோதனை எழுதுவது இங்கே வழக்கம். அந்தச் சோதனைக்கு ஒரு மாதிரிக் கோப்பு தேவை. யாரோ ஒருவர் தம் அலுவலகத்து நாற்பது பக்க அறிக்கையைப் பிழைப் பதிவில் இணைத்திருப்பார். சோதிப்பவர் அதைக் கையில் எடுத்து முதல் இருபது பக்கத்தை அழிக்கிறார். அட்டவணை இன்னும் ஓடுகிறதா? ஓடுகிறது. பின்பாதியில் பத்தை அழிக்கிறார். படங்களை நீக்குகிறார். அடிக்குறிப்பை நீக்குகிறார். தலைப்புப் பகுதியை நீக்கியதும் அட்டவணை சட்டென்று நேராகிவிடுகிறது. பிடி கிடைத்துவிட்டது, அதை மட்டும் திரும்பக் கொண்டுவருகிறார். கடைசியில் ஒரு தலைப்பும் இரண்டு கட்டங்கள் கொண்ட அட்டவணையும் மட்டும் மிஞ்சிய அரைப்பக்கக் கோப்பு கிடைக்கிறது. திருத்தம் சேரும்போது அந்தக் கோப்பு பிழை எண்ணையே பெயராகக் கொண்டு மூலநிரலோடு சேர்ந்துவிடும். ஒவ்வொரு திருத்தத்தின்போதும் இயந்திரம் அதைத் திறந்துபார்க்கும். அதைச் சுருக்கியவர் பெயர் எங்கும் பெரிதாக வராது. ஆனாலும் இந்தத் திட்டத்தில் நடக்கும் வேலைகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். பொறுமையும் கூர்ந்த கவனமும் மட்டுமே கேட்கும் வேலை. அதன் பலனோ பல ஆண்டுகள் நிற்கும்.

மாறாமல் இருக்கும் சங்கடம் வரிசையின் நீளம். ‘அன்கன்ஃபர்ம்டு’ என்ற நிலையில் புதிய பதிவுகள் காத்துக்கொண்டே இருக்கும். தாம் சொன்ன பிழையைத் தாமே உறுதிசெய்யக் கூடாது, வேறொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது இங்கே விதி. தகவல் போதாத பதிவு ‘நீட்இன்ஃபோ’வுக்குப் போகும், மாதக்கணக்கில் பதில் வராவிட்டால் தானாகவே நினைவூட்டல் போய், பிறகு மூடப்படும். பலருக்கு இது மனக்குறை. ஆனால் அன்று பதிவேட்டில் பதிலே இல்லாமல் கிடந்த பதிவுகளோடு ஒப்பிட்டால், என்ன தகவல் வேண்டும் என்று தெளிவாகக் கேட்டுவிட்டு மூடுவது நேர்மையானது என்றே நினைக்கிறேன்.

புதிதாக வருபவர் தொடங்க வேண்டிய இடமும் இந்த வரிசைதான். புதுப் பிழை தேடி அலைய வேண்டாம். லிப்ரேஆபீஸ்டெவ் என்ற வளர்நிலைப் பதிப்பை நிறுவுங்கள். அது தனக்கென்று தனி அமைப்புக் கோப்புறை வைத்துக்கொள்வதால் உங்கள் அன்றாட வேலைக்கு இடைஞ்சல் வராது. உறுதிசெய்யப்படாத பதிவு ஒன்றை எடுங்கள். உங்களுக்குப் பழக்கமான விஷயமாக இருக்கட்டும். கணக்குத் தாளில் புழங்குபவர் கால்க், கடிதம் எழுதுபவர் ரைட்டர். சொன்னபடி செய்து பாருங்கள். பிழை வந்தாலும் வராவிட்டாலும், என்ன செய்தீர்கள், என்ன கண்டீர்கள் என்று எழுதுங்கள். உதவி மெனுவில் ‘பற்றி’ பெட்டியில் பதிப்பு எண், இயங்குதளம், மொழி அமைப்பு எல்லாவற்றையும் ஒரே பொத்தானில் நகலெடுக்கலாம். அதை அப்படியே ஒட்டுங்கள். பிழை உங்கள் கணினியில் மட்டும் வருகிறது என்றால் பாதுகாப்பு முறையில் (சேஃப் மோட்) திறந்து பாருங்கள், 5.3 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. கெட்டுப்போன பயனர் அமைப்பினால் வரும் கோளாறுகள் பலவும் அங்கேயே பிரிந்துவிடும். “எனக்கு வரவில்லை” என்ற ஒரு வரிகூட, எந்தப் பதிப்பில், எந்த இயங்குதளத்தில் என்பதோடு சேர்ந்து வந்தால் உருப்படியான தகவல்தான்.

நமக்கென்று ஒரு வேலையும் காத்திருக்கிறது. 2017 பிப்ரவரியில் வந்த அதே 5.3 பதிப்பில், நிரலாளர் காலித் ஹோஸ்னியின் முயற்சியால் எழுத்துருவாக்கம் மூன்று இயங்குதளங்களிலும் ஹார்ஃப்பஸ் என்ற ஒரே இயந்திரத்துக்கு மாறியது. ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் ஆண்ட்ராய்டும் பயன்படுத்தும் அதே இயந்திரம். சென்னையில் விண்டோஸில் தெரியும் கொம்புப் பிழையை வேறு நாட்டில் லினக்ஸில் இருப்பவரும் பார்க்க இப்போது நல்ல வாய்ப்பு இருக்கிறது. இருந்தும் அவருக்குத் தமிழ் தெரியாது. தானியங்கிச் சோதனையோ யாராவது சொல்லிக்கொடுத்ததை மட்டுமே பார்க்கும். தமிழ்க் கோப்பை யாரும் கொடுக்காவிட்டால் தமிழைச் சோதிக்காமலே பச்சை விளக்கு எரியும்.

பார்க்க வேண்டியவை நம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. ‘கொ’வில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்கிறதா? இரண்டு விதமாக எழுதப்படும் ஸ்ரீ கிடைக்கிறதா? பெயர்ப் பட்டியலைக் கால்க்கில் வரிசைப்படுத்தினால் கிரந்த எழுத்தில் தொடங்கும் பெயர்கள் எங்கே போய் நிற்கின்றன? பிடிஎஃப்பாக மாற்றி, அதிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் எழுத்துகள் கலையாமல் வருகின்றனவா? தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் எழுத்துருவையும் அளவையும் லிப்ரேஆபீஸ் தனித்தனியாக வைத்துக்கொள்கிறது. வேர்டிலிருந்து வந்த கோப்பில் இரண்டும் கலந்த வரியில் அளவுகள் ஒத்துப்போகின்றனவா? பாமினி எழுத்துருவில் எழுதி இன்னும் பலரிடம் கிடக்கும் பழைய கோப்புகள் எப்படித் திறக்கின்றன?

கோப்பை இணைக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிழைப் பதிவு உலகத்துக்கே தெரியும்; பெயர், முகவரி, கணக்கு எண் எதுவும் அதில் இருக்கக் கூடாது. ஆங்கில ஆவணங்களில் எழுத்தையெல்லாம் எக்ஸ் என்று மாற்றிவிட்டு அனுப்புவது வழக்கம். தமிழ்க் கோப்பில் அப்படிச் செய்தால் பிழையும் சேர்ந்து மறைந்துபோகும். கொம்பும் காலும் புள்ளியும் உள்ள வேறு தமிழ் வரிகளை அந்த இடத்தில் போட்டு, பிழை இன்னும் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும். சரியாக எப்படித் தெரிய வேண்டும் என்பதற்கு ஒரு படமும் சேருங்கள். தமிழ் படிக்கத் தெரியாத நிரலாளர் இரண்டையும் பக்கத்தில் வைத்து வித்தியாசத்தைக் கண்டுகொள்வார்.

ஆறு மாதத்துக்கு ஒன்றாக வரும் பதிப்புகளில், ஆகஸ்ட் பதிப்புக்கான ஆல்பா என்ற தொடக்கச் சோதனைப் பதிப்பு மே மாத வாக்கில் வரும். பிப்ரவரி பதிப்புக்கானது நவம்பர், டிசம்பரில். அந்த இரண்டு மூன்று மாதங்கள்தான் நம் கோப்புகளைத் திறந்து பார்க்கச் சரியான காலம். அப்போது பிடிபடும் பிழையை, அதை உண்டாக்கிய மாற்றம் பழசாகும் முன்பே, பதிப்பு வெளியாகும் முன்பே திருத்திவிடலாம்.